இன்ஸ்பெக்டர் வீட்டு வெந்நீர்

அவரை எல்லோரும் இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்துகிறவர்கள்கூட அவர் தலையைக் கண்டதும் வண்டியை ஒதுக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்துவார்கள். எந்தக் காவல் நிலையத்தில் இருந்தார், எத்தனை திருடர்களை மடக்கினார் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். அவர் இன்ஸ்பெக்டராக இருந்தது லிப்டுகளுக்கு. கேட்காதவர்களிடம் வலியப் போய் விளக்கம் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

பணிக்காலம் முழுவதும் அடுத்தவர்கள் கட்டடத்தில் ஏறி இறங்கி, அடுத்தவர்கள் போட்ட ஒயரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியே ஓய்வு பெற்றவர். ஒரு திருகாணி தளர்ந்திருந்தாலும் லிப்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மேல்மாடிக்காரர்கள் மூச்சு வாங்கப் படியேறும்போது அவரை நினைத்துக்கொண்டே ஏறுவார்கள்; என்ன சொல்லி நினைத்தார்கள் என்பதை அச்சில் போட முடியாது. அப்பேர்ப்பட்டவர் தம் சொந்த வீட்டு ஒயரிங்கை மட்டும் வெளியாள் யாரையும் தொட விட்டதில்லை. "இது என் கையால போட்டது" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அந்த ஒயரிங்கோடு வாழ்வதற்கென்று அந்த வீட்டில் ஒரு பயிற்சி இருந்தது. குளிக்கப் போகிறவர் குளியலறை வாசலில் நின்று "ஷவர்!" என்று உரக்கக் கத்த வேண்டும். உடனே மனைவி மிக்ஸியை நிறுத்துவாள். பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவாள். துணி தோய்க்கும் மெஷின் பாதித் துணியோடு மூச்சை அடக்கி நிற்கும். இஸ்திரிப் பெட்டி சட்டைக் காலரின் நடுவில் ஆறிப்போகும். பிறகுதான் குளியலறைச் சுவரில் இருந்த வெள்ளை டப்பா முனகிக்கொண்டே ஒரு வெந்நீரைத் தரும். வெந்நீர் என்பது மரியாதைக்குச் சொல்வது. கோபமில்லாத தண்ணீர் என்று வேண்டுமானால் சொல்லலாம். குளித்து முடித்தவர் "முடிஞ்சுது!" என்று கத்துவார். வீடு மறுபடி மூச்சுவிடும்.

மகள் இந்தப் பயிற்சியிலேயே பிறந்து வளர்ந்தவள். கல்லூரி விடுதிக்குப் போன முதல் நாள் குளியலறை வாசலில் நின்று பழக்க தோஷத்தில் "ஷவர்!" என்று கத்தி, அந்த மாடி முழுக்கப் பெயர் வாங்கினவள். இப்போது அவளுக்குக் கல்யாணமாகி, வேலை மாற்றலாகி, இதே ஊருக்கு வருகிறாள். அவளும் மாப்பிள்ளையும் பின்கட்டு அறையிலேயே தங்கிக்கொள்வதாகப் பேச்சு.

அந்தப் பேச்சு வந்த நாளிலிருந்து இன்ஸ்பெக்டர் ஆளே மாறிப்போனார். சந்தோஷம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் பதவிக்கு இழுக்கு. பின்கட்டு அறையில் அவர் சேர்த்து வைத்திருந்த பழைய செய்தித்தாள்களைத் தாமே தூக்கிக் கடையில் போட்டார். "காத்தோட்டம் விதிப்படி இருக்கணும்" என்று சொல்லி ஜன்னலுக்கு எண்ணெய் போட்டார். சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று மனைவியிடம் கருத்துக் கேட்டார். அவள் கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது. இத்தனை வருட தாம்பத்தியத்தில் அவர் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாமான் வருவதற்கு முன்பு, ஒத்திகை பார்க்கிற மாதிரி, மகளும் மாப்பிள்ளையும் ஒரு வாரக்கடைசியில் வந்து தங்கினார்கள். மாப்பிள்ளை கணக்குத் தணிக்கை செய்பவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். தான் குளிக்கப்போவதை மாமியார் காதில் விழும்படி அறிவிப்பது நாகரிகமில்லை என்று நினைத்து, சத்தமில்லாமல் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுக்களையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். மிக்ஸி நின்றது, விளக்கு போனது, குளியலறைக்குள்ளிருந்து "ஐயோ" என்று மிக மரியாதையான ஒரு குரல் வந்தது.

இடுப்பில் துண்டும் தலையில் நுரைக் குல்லாயுமாக வெளியே வந்த மாப்பிள்ளை, "மன்னிக்கணும் மாமா, கரெண்ட் போயிடுச்சு போல இருக்கு" என்றார்.

"சொல்லாம போனீங்களா மாப்பிள்ளை?" என்றார் இன்ஸ்பெக்டர், எல்லை தாண்டியவரைக் கேட்கிற தோரணையில்.

"குளிக்கறதையா மாமா சொல்லணும்?"

மகள் இடையில் வந்தாள். "அப்பா, நான் பட்டதே போதும். அவரையும் வாசல்ல நின்னு கத்த வைக்காதீங்க. தெளிவா சொல்லிடறேன். நல்ல ஷவர் வேணும், நல்ல லைன் வேணும். அது வந்தா இங்க இருக்கோம். இல்லேன்னா ஆபீஸ் பக்கத்துலயே வாடகைக்குப் பாத்துக்கறோம். ஒரு புரோக்கர் ரெண்டு வீடு சொல்லிருக்காரு."

"வீட்டைப் போய் வாடகைக்கு எடுப்பாங்களா, சொந்த வீடு இருக்கும்போது" என்றார் இன்ஸ்பெக்டர் அலட்சியமாக. ஆனால் அன்று மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே "புரோக்கராம்!" என்று இரண்டு தடவை முனகினார்.

மாப்பிள்ளை, தன்னால்தான் வம்பு வந்தது என்ற உறுத்தலில், அடுத்த வாரமே ஒரு புது மின்சார ஷவரை வாங்கி அனுப்பிவிட்டார். எட்டரை கிலோவாட். அட்டைப் பெட்டியில் ஒரு பெண் அருவிக்கடியில் நின்று, வேலைவெட்டி எதுவும் இல்லாதவள்போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த வழிகாட்டியின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: மெயின் போர்டிலிருந்து தனிக் கேபிள், தனி டிரிப் சுவிட்ச், மின்கசிவு வந்தால் தானே அணையும் பாதுகாப்பு, முறையான எர்த். இவை இல்லாமல் இணைக்கக் கூடாது.

இன்ஸ்பெக்டர் அதை மூக்குக் கண்ணாடி வழியாகவும், கண்ணாடிக்கு மேலாகவும் படித்தார். இதே வாசகங்களை எத்தனை கட்டடக்காரர்கள் முகத்தில் அவரே எறிந்திருக்கிறார்! இப்போது அட்டைப் பெட்டி அவர் முகத்தில் எறிந்தது.

"யாரைக் கூப்பிடறது?" என்றார்.

"என் தம்பி எதுக்கு இருக்கான்?" என்றாள் மனைவி.

அவளுடைய தம்பியைக் குடும்பம் முழுக்க 'வோல்டேஜ்' என்று அழைத்தது. மின் வேலைகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவர். அவர் ஒரு அறைக்குள் நுழைந்தால் நாற்காலியைப் பார்க்க மாட்டார். விட்டத்தைப் பார்ப்பார், பார்த்துவிட்டு "ச்சு" என்பார். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில்கூட மேடை விளக்கின் கனெக்‌ஷனைப் பார்த்து "ச்சு" என்றவர் அவர். அந்த 'ச்சு'வுக்கே தனியாகக் கூலி வாங்குகிறார் என்று ஊரில் பேச்சு.

இன்ஸ்பெக்டருக்கும் வோல்டேஜுக்கும் நடுவில் ஒரு பழைய பாகப்பிரிவினைத் தகராறு உண்டு. சொத்துக்காக அல்ல, பெருமைக்காக. வீடு கட்டிய புதிதில் இருவரும் சேர்ந்துதான் ஒயரிங் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் அளவு சொன்னார், வோல்டேஜ் வெட்டினார். மகளுக்கு அப்போது மூன்று மாதம். இன்று அவளுக்கு இருபத்தாறு வயது. அந்த இருபத்தாறு வருடமும், உறவுக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம், "முழுக்க என் கைவேலை" என்று ஒருவரும், "அத்தான் டார்ச் பிடிச்சாரு, அதையும் கோணலா பிடிச்சாரு" என்று மற்றவரும் சொல்லிச் சொல்லி, கேட்டவர்கள் நரைத்துப்போனார்கள்.

வோல்டேஜ் வந்தார். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பியூஸ் போர்டைத் திறந்தார். "ச்சு" என்றார்.

"என்ன ச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணுமில்ல அத்தான். அருங்காட்சியகத்துல கேட்டா கொடுத்துடாதீங்க, நல்ல விலை பேசலாம்னு நினைச்சேன்."

"இருபத்தாறு வருஷமா ஓடுது மச்சான்."

"ஓடலை. நடக்குது. அதுவும் அக்கா பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினாத்தான் நடக்குது. கேளுங்க, அடுக்களைக்கும் குளியலறைக்கும் ஒரே மெல்லிசு ஒயர். இதுல எட்டரை கிலோவாட் மாட்டினா ஷவர்ல தண்ணி வராது, சுவர்லேர்ந்து புகை வரும். இங்கேர்ந்து பின்கட்டுக் குளியலறை வரைக்கும் தனியா விரல் தண்டிக்குக் கேபிள் இழுக்கணும். போர்டு புதுசு. எர்த் புதுசு. மின்வாரியத்துல லோடு கூட்டறதுக்கு மாப்பிள்ளை எழுதிக் கொடுத்து, அவங்களும் வந்து பாத்து ஏத்திட்டுப் போயிட்டாங்க. மிச்சம் நம்ம வேலைதான்."

"எந்த வழியா இழுப்பே?"

வோல்டேஜ் விரலை நீட்டினார். விரல் வாசலில் தொடங்கி, கூடத்துச் சுவர் வழியே நேராகப் போய், பின்கட்டு நடையில் திரும்பியது. "சுவருக்கு வெளியே ஒரு பட்டை அடிச்சு, அதுக்குள்ள கேபிள். ஒரே நேர்கோடு. ஒரு நாள் வேலை."

அந்த நேர்கோட்டின் நடுவில்தான் இன்ஸ்பெக்டரின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. பதினோரு சட்டங்கள். பாராட்டுச் சான்றிதழ்கள், யாரோ ஒரு அதிகாரியின் கையைக் குலுக்கும் படம், லிப்ட் கதவுக்கு முன்னால் கத்தரிக்கோலோடு நிற்கும் படம், எல்லாவற்றுக்கும் நடுவில், கதவளவுக்குக் கொஞ்சம் குறைவாக, 'பழுதற்ற சேவைக்காக' என்று பொன்னெழுத்தில் போட்ட பெரிய சான்றிதழ்.

"கூடத்துல பட்டையா?" இன்ஸ்பெக்டருக்கு மீசை துடித்தது. "இது என்ன ரயில் பெட்டியா? வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"வெந்நீர் வர்ற வீடுன்னு நினைப்பாங்க."

"முடியாது. சுவருக்குள்ள பழைய பைப் இருக்கில்ல, அதுலயே இழு. நான் போட்ட பைப். யானையே போகும்."

"நீங்க போட்டதா? அந்தப் பைப்பைச் சுவர்ல பதிச்சவன் நானு."

"பதிச்சே. எங்க பதிக்கணும்னு சொன்னது யாரு?"

மனைவி தலையை நீட்டினாள். "பைப்பை அப்புறம் பங்கு போட்டுக்கலாம். முதல்ல இழுக்கறதை இழுங்க. நாளைக்குப் பொண்ணு வர்றா."

மறுநாள் சனிக்கிழமை. மகளும் மாப்பிள்ளையும் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை பழைய சட்டை போட்டுக்கொண்டு உதவிக்குத் தயாராக நின்றார். என்ன உதவி என்பது அவருக்கும் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் பணியில் இருந்தபோது போட்ட மஞ்சள் தொப்பியைத் தேடி எடுத்து அணிந்துகொண்டு, மெயினை அணைக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றார். ஏதோ அணைக்கட்டைத் திறந்துவைப்பவர்போலத் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அணைத்தார். வோல்டேஜ் சோதனை விளக்கை வைத்துப் பார்த்து, லைன் செத்துவிட்டது என்று உறுதிசெய்துகொண்டார்.

பழைய ஒயரின் நுனியில் புதுக் கேபிளை இழுக்கும் கயிற்றைக் கட்டினார்கள். வோல்டேஜ் குளியலறைப் பக்கம் நின்று இழுத்தார். வாசல் பக்கம் இன்ஸ்பெக்டர் தள்ளினார். ஒயர் ஒரு முழம் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

"தள்ளுங்க அத்தான்!"

"தள்ளிட்டுத்தான் இருக்கேன். நீ இழு!"

"இழுக்கறேன்! யானை போகும்னீங்க, ஒரு ஒயர் போகலையே!"

மாப்பிள்ளை வோல்டேஜின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். ஒயர் அசையவில்லை. சுவருக்குள், கூடத்தின் நடுவில் எங்கோ, ஒரு 'டொக்' சத்தம் மட்டும் கேட்டது. வோல்டேஜ் வந்து சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். சத்தம் பெரிய சான்றிதழுக்குப் பின்னால் உள்ளே வெற்றிடம்போல ஒலித்தது.

"இதுக்குப் பின்னால ஒரு பெட்டி இருக்கு" என்றார்.

"அங்க எதுவும் கிடையாது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பழுதற்ற சேவையைக் கொஞ்சம் கழட்டுங்க அத்தான்."

கழற்றினார்கள். சுவரின் நிறத்திலேயே பூசப்பட்டு, கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்த ஒரு சதுர மூடி. வோல்டேஜ் உளியால் நெம்பினார். சுண்ணாம்பு உதிர்ந்தது. மூடி கழன்றது. நான்கு தலைகள் ஒன்றாக எட்டிப் பார்த்தன.

உள்ளே ஒயர் முழுசாக இல்லை. ஒரு பக்கத்திலிருந்து வந்த ஒயர் பெட்டியோடு முடிந்திருந்தது. மறுபக்கத்து ஒயரும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில், ஒரு சாண் நீளத்துக்கு, விளக்குக்குப் போடும் மெல்லிய ஒயரை முறுக்கி ஒட்டுப் போட்டிருந்தது. ஒட்டின்மேல் கறுப்பு டேப் இல்லை. காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி. சுற்றிச் சுற்றி, கட்டுப் போட்ட விரல்போலத் தடியாக. அது கருகி, முறுகி, வறுத்த நிறத்தில் இருந்தது. தொட்டதும் பொடிந்து வோல்டேஜின் உள்ளங்கையில் கொட்டியது.



பிறகு இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மச்சான், உன் கைவேலை" என்றார்.

"என்னோடதா?" வோல்டேஜ் பதறிப்போனார். "சேச்சே. எல்லாம் நீங்க போட்டது அத்தான். ஊருக்கே தெரியும். முழுக்க உங்க கை."

"அப்படிச் சொல்லாதே. நான் டார்ச்தானே பிடிச்சேன்? நீயே எத்தனை தடவை சொல்லிருக்கே."

"கோணலா பிடிச்சீங்கன்னு சொன்னது தப்பு. நேராத்தான் பிடிச்சீங்க. பெரியவங்க செஞ்ச வேலைல நான் எப்படிப் பங்கு கேக்கறது?"

"பங்கு என்ன, முழுசும் உனக்கே."

இருபத்தாறு வருடமாக ஒருவர் வாயிலிருந்து ஒருவர் பிடுங்கிக்கொண்டிருந்த பெருமையை, இருவரும் இப்போது பந்தியில் கடைசி இருக்கைக்கு உபசரிப்பவர்கள்போல மாறி மாறித் தள்ளிவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று ஒயர் ஒரு சாண் குறைந்தது இருவருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. அளந்தவர் குற்றமா, வெட்டியவர் குற்றமா என்று பெரிய சண்டை. ஒருவர் இந்தப் பக்கம் கோபித்துக்கொண்டு போனார், மற்றவர் அந்தப் பக்கம் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது வெந்நீர் வந்துகொண்டிருந்தது. மற்றவன்தான் கமுக்கமாக வந்து முடித்துவிட்டான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். இந்த ஒட்டைத் தான் போடவில்லை என்று இருவரும் இப்போது சொன்னது சத்தியமான உண்மை. ஒயரிங் விஷயத்தில் அவர்கள் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான். ஒருவரும் நம்பவில்லை.

மகள் அந்தக் கருகிய பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்கு அந்தப் பக்கம் நின்னுதானே நான் இத்தனை வருஷம் குளிச்சேன்?" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் இன்ஸ்பெக்டருக்குப் பயமாக இருந்தது. "யார் போட்டதுன்னு ரெண்டு பேரும் சொல்லவே மாட்டேங்கறீங்க. அப்போ இந்தச் சுவருக்குள்ள இன்னும் என்னென்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள். "ஹலோ, அந்த ரெண்டாவது வீடு இன்னும் இருக்கா?" என்று கேட்டது கூடம் வரைக்கும் கேட்டது.

இன்ஸ்பெக்டர் மஞ்சள் தொப்பியைக் கழற்றினார். லிப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களுக்கு வயிற்றில் ஒன்று நழுவும் என்பார்கள். பிறத்தியார் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். இப்போது வெறுந்தரையில் நின்றபடியே அவருக்கு நழுவியது. விதி என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தார். சொல்வதற்கு விதி எதுவும் கைவசம் இல்லை.

"போனை வைடி" என்றாள் மனைவி, அடுக்களை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டே. "அந்த ஒட்டு நான் போட்டது."

மூன்று ஆண்களும் திரும்பினார்கள்.

"நீயா?"

"வேற யாரு? நீங்க ரெண்டு பேரும் சாண் கணக்குக்குச் சண்டை போட்டுட்டு ஆளுக்கொரு பக்கம் போயிட்டீங்க. கைக்குழந்தையை வச்சுக்கிட்டு அடுப்புல வெந்நீர் போட்டுப் போட்டு எனக்கு இடுப்பு கழண்டு போச்சு. நடுவுல ஒரு சாண்தானே இல்லை? மேஜை விளக்கு ஒயரை வெட்டி முறுக்கினேன். டேப் இல்லை. குழந்தைக்குன்னு வாங்கின பிளாஸ்திரி இருந்துச்சு. சுத்தினேன்."

"அக்கா..." வோல்டேஜ் உள்ளங்கைக் கருகலை உதறினார். "மெயினை அணைச்சியா?"

"அணைச்சேன்டா. உசிர் மேல எனக்கும் ஆசை இருக்கு."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க சொல்ல விட்டீங்க? சாயங்காலம் வந்ததும் ரெண்டு பேரும் நான் நீன்னு ஆரம்பிச்சீங்க. நாளைக்கு முடிப்பாங்க, அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். நீங்கதான் முடிக்கவே இல்லையே."

"அத்தை, அது ரொம்ப ஆபத்து" என்றார் மாப்பிள்ளை, மெதுவாக, தணிக்கையில் தப்பு கண்டுபிடித்தவரின் வருத்தத்தோடு.

அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கருகலைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் சுருங்கியது. "இப்படி ஆகும்னு எனக்கு என்ன தெரியும்? ஒயரிங்குக்குத்தான் வீட்டுல ரெண்டு மேதை இருக்காங்களே, என்னைக்காவது ஒருத்தர் திறந்து பாத்து மாத்துவாங்கன்னு நினைச்சேன்" என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், "பிளக்கை நான் பிடுங்கிட்டே இருந்ததும் அதுக்குத்தான். பயம்" என்றாள்.

மகள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு நின்றாள். யார் போட்டது என்ற கேள்விக்கு விடை வந்துவிட்டது. இருக்கலாமா போகலாமா என்பதற்கு வரவில்லை. அவள் பார்வை அப்பாவின் மேல் இருந்தது.

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். மீதி பத்துச் சட்டங்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். கை குலுக்கும் படத்தைக் கழற்றி மாப்பிள்ளையிடம் நீட்டினார். கத்தரிக்கோல் படத்தைக் கழற்றினார். ஒவ்வொன்றாகக் கழற்றும்போதும் பின்னால் சுவரில் சதுரம் சதுரமாகப் பழைய நிறம் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் வெளுத்திருந்ததை அவர் அன்றுதான் கவனித்தார்.

"மச்சான்."

"சொல்லுங்க அத்தான்."

"பட்டை அடி. வெளியவே போகட்டும். எல்லாரும் பாக்கற மாதிரி."

"பழைய லைன்?"

"அதைப் பிடுங்கு. அடுக்களைக்கும் புதுசா போடு. பைப்பு யாரு போட்டதுன்னு இனிமே பேச வேண்டாம்."

"நீங்கதான் போட்டீங்க அத்தான்" என்றார் வோல்டேஜ், அந்த நேரத்திலும் விடாமல்.

மகள், "ஒரு கண்டிஷன்" என்றாள். "மாமா வேலை செய்யட்டும். ஆனா சரியா இருக்குன்னு நீங்க ரெண்டு பேரும் சொல்லக்கூடாது. வெளியாள் வந்து சோதிச்சுச் சொல்லணும்."

வெளியாள்! இன்ஸ்பெக்டர் வீட்டில் இன்ஸ்பெக்‌ஷன்! வோல்டேஜ் சிரிப்பை அடக்க விட்டத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு இறங்கினார். "வரட்டும்" என்றார்.

வேலை ஒரு நாளில் முடியும் என்று வோல்டேஜ் சொன்னது மூன்று நாள் பிடித்தது. புது போர்டு, வரிசையாக டிரிப் சுவிட்சுகள், வாசலில் புதிதாக எர்த் கம்பி, கூடத்துச் சுவரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெள்ளைப் பட்டை. பட்டை கொஞ்சமும் கோணாமல் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள இன்ஸ்பெக்டருக்கு மனம் வராமல், "பரவாயில்ல, லெவல் வச்சுத்தான் அடிச்சிருக்கே" என்றார். வோல்டேஜ் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். வேறு எதுவும் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும்.

சோதனைக்கு ஒரு பெண்மணி வந்தார். சிறிய பெட்டி, இரண்டு கம்பி, எதற்கும் அசையாத முகம். இன்ஸ்பெக்டர் அவர் பின்னாலேயே நடந்தார். "நானும் இந்தத் துறைதான்" என்றார். அவர் "அப்படியா" என்று சொல்லிவிட்டு ஒரு திருகாணியை முடுக்கிப் பார்த்தார். "இந்தப் பட்டை என் யோசனைதான்" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் மீட்டரின் முள்ளைப் பார்த்தார். "எர்த்தெல்லாம் விதிப்படி..." என்று ஆரம்பித்தபோது, "கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க சார்" என்றார். இன்ஸ்பெக்டர் தள்ளி நின்றார். எத்தனை கட்டடங்களில் எத்தனை பேர் இப்படித் தன் பின்னாலேயே, கையைப் பிசைந்துகொண்டு, ஒரு நல்ல வார்த்தைக்காக நடந்திருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதை உடனே தட்டிவிட்டார். வயதான காலத்தில் அதற்கெல்லாம் இடம் கொடுத்தால் தூக்கம் கெடும்.

அந்தப் பெண்மணி சோதனைப் பொத்தானை அழுத்தினார். கணத்தில் சுவிட்ச் தட்டிக்கொண்டு விழுந்தது. மறுபடி தூக்கிவிட்டார். "சரியா இருக்கு" என்றார். அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்றோ, பிரமாதம் என்றோ சொல்லாமல் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது யாராவது குளிக்க வேண்டும்.

"மாப்பிள்ளை, உங்க ஷவர். நீங்கதான் முதல்ல" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஐயோ, பெரியவங்க இருக்கும்போதா? நீங்க போங்க மாமா."

"நான் காலைலயே குளிச்சாச்சு. மச்சான், வேலை செஞ்ச உடம்பு, வேர்த்திருக்கும்..."

"எனக்கு ஜலதோஷம் அத்தான்" என்றார் வோல்டேஜ், அந்த நிமிடமே ஒரு தும்மலைத் தயார்செய்துகொண்டு.

மரியாதை என்பது பயத்துக்கு எவ்வளவு வசதியான போர்வை என்பது அந்தக் கூடத்தில் நன்றாகத் தெரிந்தது. மூன்று ஆண்களும் குளியலறை வாசலில் நின்று, கதவை ஒருவருக்கொருவர் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தள்ளுங்க" என்றாள் மகள். தோளில் துண்டோடு மூவரையும் விலக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழிட்டாள்.

இன்ஸ்பெக்டர் கதவுக்கு அருகில் நின்றார். நிற்பது தெரியக்கூடாது என்பதற்காகச் சுவரில் எதையோ ஆராய்வதுபோல நின்றார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. முனகல் இல்லை, ஒரே சீரான, கொட்டுகிற சத்தம். அடுக்களையில் மனைவி மிக்ஸியைப் போட்டாள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏய்! நிறுத்து!" என்று கத்த வாயெடுத்தார். மிக்ஸி ஓடியது. பிரிட்ஜ் ஓடியது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

நேரம் போனது. மகள் வெளியே வருகிற வழியாகத் தெரியவில்லை. கதவின் இடுக்கு வழியாக ஆவி கசிந்து வந்தது. மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"சூடா இருக்காம்மா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். அதிகாரமாகக் கேட்க நினைத்தார். குரல் வேறு மாதிரி வந்துவிட்டது.

 தண்ணீர்ச் சத்தம்தான். பிறகு, சத்தத்துக்கு நடுவில், அவசரமே இல்லாத ஒரு குரல்:

"அப்பா... பின்கட்டு அலமாரில என் துணிக்கு எத்தனை தட்டு? ரெண்டு தட்டெல்லாம் பத்தாது, இப்பவே சொல்லிட்டேன்."

இன்ஸ்பெக்டர் அலமாரியைக் காலிசெய்வதற்காகப் பின்கட்டை நோக்கி, ஓடுவதாகத் தெரியாதபடி, வேகமாக நடந்தார்.